முள்ளு சொல்லச் சொன்னது

முதல் சந்திப்பிலேயே கட்சிக்காரி தன் வக்கீலின் புருவத்தைக் கிழித்துவிட்டாள். கட்சிக்காரிக்கு வயது பதினொன்று. ஆயுதம், காப்பகத்தில் தண்ணீர் குடிக்க வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்.

குழந்தைகளைப் பார்க்க வருகிறவர்களுக்கென்று ஒதுக்கிய அறை அது. பட்ட அனுபவத்தில் மேசையைத் தரையோடு சேர்த்து போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். நாற்காலிகளும் அப்படியே. சுவர்க் கடிகாரத்துக்குக்கூடக் கம்பிவலை. டம்ளரை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. வக்கீல் கைக்குட்டையை எடுத்துப் புருவத்தில் அழுத்திக்கொண்டார். ரத்தம் மூக்கோரமாக இறங்கி உதட்டுக்கு வந்தது. வாசலில் நின்றிருந்த வார்டன் அம்மா ஓடிவந்து பெண்ணின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தாள்.

"விடுங்கம்மா. நானும் என் கட்சிக்காரரும் பேசிக்கிட்டிருக்கோம்," என்றார் வக்கீல்.

"இதுக்குப் பேரு பேச்சா சார்?"

"ஆரம்பம் கொஞ்சம் வேகமா இருக்கு. போகப் போகச் சரியாகும்."

வார்டன் அம்மா முடியை விட்டாள். பெண் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு அடுத்து எதை எறியலாம் என்று கண்ணால் தேடினாள். மெலிந்த உடம்பு. முன்பல் ஒன்று பாதியில் உடைந்திருந்தது. காப்பகத்தில் வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே சமையல்காரர் கையைக் கடித்து, ஒரு வார்டனின் விரலை முறித்து, முள்ளு என்று பேர் வாங்கிவிட்டாள்.

"சரி பாப்பா, டிக்கெட் கிழிச்சாச்சு," என்றார் வக்கீல், புருவத்தைத் தொட்டுக் காட்டி. "இனி நீ எறங்கச் சொல்ற வரைக்கும் நான் எறங்க மாட்டேன்."

"பாப்பா கீப்பான்னு கூப்பிட்டா அடுத்த புருவமும் போயிடும்."

"வேற எப்படிக் கூப்பிட?"

"முள்ளுன்னே கூப்பிடு. யாரு நீ?"

"உன் வக்கீல்."

"எங்கம்மா வச்ச ஆளா?"

"உங்கம்மாவுக்கு வேற ஆள் இருக்காரு. உன்னை வீட்லேர்ந்து தூக்கிட்டு வந்தாங்களே, அந்தக் குழந்தைகள் நலத் துறைக்கு வேற ஆள். நான் உனக்கு மட்டும்தான்."

"எதுக்கு?"

"நீ என்ன சொல்றியோ அதை ஜட்ஜ் காதுல போடுறதுக்கு."

"நான் சொல்றதையெல்லாம் சொன்னா உன்னைத்தான் உள்ள போடுவாங்க."

வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்ததில் புருவம் இன்னும் கொஞ்சம் பிளந்துகொண்டது.

சாயங்காலம் அந்தப் புருவத்தைத் தைத்தவர் அவர் மனைவி. அரசு ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போடும் அறையில் நர்ஸ். கல்யாணமான நாளிலிருந்து ஊரார் காயத்தைவிடப் புருஷன் காயத்துக்குத்தான் அதிகப் பஞ்சு செலவழித்திருப்பதாக அலுத்துக்கொள்வார்.

"இன்னிக்கு எதிர்க்கட்சியா, சொந்தக் கட்சியா?"

"சொந்தக் கட்சிதான்."

"அப்ப கேஸ் நல்லா போகுதுன்னு சொல்லுங்க. அசையாதீங்க, ஊசி கண்ணுல ஏறிடும்."

வக்கீல் முன்னாளில் பஸ் கண்டக்டர். அதனால்தான் கோர்ட் வளாகத்தில் டைப்பிஸ்டிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் 'விசில் சார்'. துறைமுக ரூட்டில் ஓடிய பஸ் அவருடையது. மூட்டை தூக்கிக் களைத்தவர்களும், குடித்தவர்களும், குடிக்கக் கிடைக்காதவர்களும் ஏறுகிற வண்டி. சில்லறைக்குச் சண்டை, சீட்டுக்குச் சண்டை, சண்டையை விலக்கியதற்குச் சண்டை. ஒருநாள் எவனோ வீசிய சோடா பாட்டில் இடது காதில் வெடித்தது. அன்றோடு அந்தக் காது ஓய்வு பெற்றுவிட்டது.

அடி வாங்கியதற்காக அவர் வேலையை விடவில்லை. டிக்கெட் எடுக்காமல் எகத்தாளம் பேசிய ஒரு கல்லூரிப் பையனை ஒரு நாள் இவர் அடித்தார். முதல் அடி கோபத்தில் விழுந்தது. அடுத்தடுத்த அடிகளில் கோபமே இல்லை. கைக்குத் தனியாக ஒரு பசி வந்ததுபோல் அது பாட்டுக்கு இயங்கியது. பயணிகள் இழுத்துப் பிடித்த பிறகும் விரல்கள் துடித்துக்கொண்டிருந்தன. அந்தப் பையனின் உதடு கிழிந்து தொங்கியதைவிட, தன் கைக்கு அது பிடித்திருந்ததுதான் அவரைக் குலைத்தது. பையையும் விசிலையும் டெப்போவில் ஒப்படைத்துவிட்டு வந்தார். மாலைக் கல்லூரியில் சட்டம் படித்து, தலை நரைக்கத் தொடங்கிய வயதில் கறுப்புக் கோட்டு மாட்டினார்.

கோட்டு வந்தது, கேஸ் வரவில்லை. குழந்தை நல நீதிமன்றத்தில், குழந்தைக்கும் தனியாக ஒரு வக்கீல் இருக்க வேண்டும் என்று அப்போதுதான் உத்தரவு வந்திருந்தது. யாரும் பேர் கொடுக்கவில்லை. இவர் கொடுத்தார். "கூட்டமே இல்லாத ரூட்டு. உக்கார எடம் கெடைக்கும்," என்று நண்பர்களிடம் சொன்னார். போன பிறகுதான் தெரிந்தது, துறைமுக பஸ்ஸே தேவலாம் என்று. அங்கே அடித்தவனும் அடி வாங்கியவனும் அவரவர் ஸ்டாப்பில் இறங்கிப் போய்விடுவார்கள். இங்கே இரண்டு பேருக்கும் ஒரே வீடு.

முள்ளுவின் வீட்டில் அவளோடு சேர்த்து மூன்று பேர். அப்பா முன்பே கட்டட வேலையில் சாரம் சரிந்து செத்துப்போயிருந்தார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துத் தேய்க்கும் சலவைக்கூடத்தில் வேலை. மூன்றாவது ஆள் அம்மாவின் தம்பி. பெற்றவள் அவனைப் பெற்ற கையோடு கண்ணை மூடிவிட, அக்காதான் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தாள். அவளே அப்போது பாவாடை கட்டத் தெரியாத வயதில் இருந்தாள். அந்தத் தம்பி வளர்ந்து, ரிப்பேராகி நிற்கும் லாரிகளைத் தூக்கி இழுக்கிற கிரேன் ஓட்டினான். தோளுக்கும் தலைக்கும் நடுவே கழுத்து என்று ஒன்று தெரியாத உடம்பு. வீட்டில் கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பான். பெல்ட், குக்கர் மூடி. அதற்கென்றே கிரேன் சங்கிலியில் ஒரு துண்டைக் கட்டில் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியும் வைத்திருந்தான். அக்காவை அடிப்பான், அடித்து ஓய்ந்ததும் அவள் மடியில் தலைவைத்து அழுவான். அவள் வீங்கிய கையால் அவன் தலையைக் கோதிக் கொடுப்பாள். முள்ளுவை அடித்துவிட்டு மட்டும் அவன் அழுததில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் அவள் முதுகுச் சட்டை தோலோடு ஒட்டிக்கொண்டிருப்பதை டீச்சர் பார்த்தாள். நனைத்து நனைத்து எடுத்தபோது சங்கிலியின் வளையங்கள் ஒவ்வொன்றாக எண்ணும்படி முதுகில் பதிந்திருந்தன. அன்றே துறைக்காரர்கள் வந்து தூக்கிப் போனார்கள். காப்பாற்ற வந்த போலீஸ்காரரையும் முள்ளு கடித்தாள்.

"உனக்கு என்ன வேணும்?" என்று விசில் சார் கேட்டது மூன்றாவதோ நான்காவதோ சந்திப்பில். அதற்குள் அவள் எதையும் எறியாமல் உட்காரப் பழகியிருந்தாள். பிளாஸ்டிக் டம்ளர் வந்திருந்தது.

"வீட்டுக்குப் போகணும்."

"மாமா இருக்கானே."

"தெரியும்."

"மறுபடி அடிப்பான்."

"அதும் தெரியும்."

"அப்புறம் ஏன்?"

அவள் மேசையின் போல்ட்டை விரலால் திருகிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் அங்க இருந்தா பாதி எனக்கு விழும். இல்லன்னா முழுசும் அம்மாவுக்கு."

விசில் சார் தண்ணீர் குடித்துவிட்டு, "நான் என் மனசுல பட்டதைச் சொல்றேன்," என்றார். "நீ போறது சரின்னு எனக்குத் தோணல. ரொம்பத் தப்புன்னு தோணுது. அடுத்த தடவை முதுகோட நிக்காது."

"நீ எனக்கு வக்கீலா, உனக்கு வக்கீலா?"

"உனக்குத்தான்."

"அப்ப நான் சொல்றதைச் சொல்லு."

கோர்ட்டில் அவர் அதையே சொன்னார், ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல். பாதி, முழுசு என்று வந்ததும் டைப்பிஸ்டின் விரல்கள் நின்றுவிட்டன. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நீதிபதி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்ட நடுவயது அம்மாள், துறை வக்கீலைப் பார்த்தார்.

"அவர் சொல்றது குழந்தையோட ஆசை மேடம். நாங்க கேக்கிறது குழந்தையோட பாதுகாப்பு," என்றார் துறை வக்கீல்.

"ரெண்டும் ஒண்ணா கிடைக்க வழியிருக்கு மேடம். பொண்ணை வெளிய வைக்கிறதுக்குப் பதிலா அந்த ஆளை வெளிய வைங்க," என்றார் விசில் சார்.

நீதிபதி அப்படியே உத்தரவு போட்டார். மாமன் வேறு இடம் பார்த்துக்கொண்டு போக வேண்டும். அந்தத் தெருப் பக்கம் தலை காட்டக் கூடாது. அம்மா கையெழுத்துப் போட்டாள். மாமனும் போட்டான். பேனா அவன் கையில் தீக்குச்சி மாதிரி இருந்தது. வெளியே வரும்போது விசில் சாரின் தோளில் கைபோட்டு, நண்பனிடம் பேசுவதுபோல் சொன்னான்: "அவ எங்க அக்கா மக சார். எங்க வீட்டுப் பிள்ளைய அடிச்சு வளர்க்க எனக்கு உரிமை இல்லையா?" அந்தக் கை தோளிலிருந்து எடுபட்ட பிறகும் அதன் கனம் அங்கேயே இருந்தது.

சில வாரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. துறையிலிருந்து ஒரு பெண் போய்ப் பார்த்துவிட்டு, வீடு அமைதியாக இருப்பதாகச் சொன்னாள். பிறகு மாமன் கருவிப்பெட்டியை எடுக்க வந்தான். அடுத்து, காய்ச்சல் என்று வந்தான். காய்ச்சலில் கிடக்கிற தம்பியை எந்த அக்கா வாசலில் நிறுத்துவாள்? காய்ச்சல் போனது. அவன் போகவில்லை. ஆணியில் சங்கிலி மறுபடி தொங்கியது.

ஒரு மதியம் முள்ளு அந்தச் சங்கிலியைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டாள். மாமன் சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தபோது ஆணி வெறுமையாக இருந்தது. அவள் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி உள்ளறைக்குள் வீசினான். அவள் கட்டில் காலில் மோதி விழுந்தாள். எழுவதற்குள் வயிற்றில் உதைத்தான். பிறகு அவள் இடது கையை எடுத்துக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் குறுக்கே வைத்து, விறகு முறிப்பதுபோல் முழங்காலால் அழுத்தினான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவள் கத்தியபோது அறைக் கதவு சாத்திக்கொண்டது. வெளித் தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் கேட்டது.

கருவிப்பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. அவள் வலது கையால் துழாவி, கிடைத்த ஸ்க்ரூ டிரைவரை அவன் தொடையில் பிடி வரைக்கும் இறக்கினாள். மாமன் போட்ட அலறலில்தான் தெரு கூடியது.

செய்தி வந்தபோது விசில் சார் வேறொரு கேஸுக்காக கோர்ட் வராந்தாவில் நின்றிருந்தார். வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தவரை மனைவி பார்த்தார்.

"நான்தான் அனுப்பினேன்," என்றார் அவர். "என் வாயால கேட்டு, என் வாயால வாங்கிக் கொடுத்தேன்."

"அவ கேட்டதை நீங்க சொன்னீங்க."

"பதினோரு வயசுப் பிள்ளை கேட்டா? நான் வேற மாதிரி பேசியிருந்தா அவ கை முழுசா இருந்திருக்கும்."

மனைவி பொய்ச் சமாதானம் சொல்கிற ஆள் இல்லை. "இருந்திருக்கும்தான்," என்றார். அவர் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, "ஆனா அதுக்கப்புறம் அவ யார்கிட்டயும் வாயைத் திறந்திருக்க மாட்டா," என்றார். "வேற வக்கீல் வேணுமான்னு அவளையே போய்க் கேளுங்க. அதையும் நீங்களே முடிவு பண்ணாதீங்க."

ஆஸ்பத்திரியில் முள்ளு மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தாள். முகத்தின் ஒரு பக்கம் கறுத்துக் கண் மூடியிருந்தது. கட்டிலருகே ஒரு பெண் போலீஸ் உட்கார்ந்திருந்தார். காவல் அவளுக்கா, அவளிடமிருந்து மற்றவர்களுக்கா என்பது அந்தப் போலீஸுக்கே தெரியாது. ஏனென்றால் மாமன் கொடுத்த புகாரில் குத்தியவள் இவள். அம்மா அதற்குச் சாட்சி சொல்லியிருந்தாள்: இவள்தான் முதலில் பாய்ந்தாள், தடுக்கப் போனதில் கீழே விழுந்து கை முறிந்தது என்று.

"உனக்கு வேற வக்கீல் கேக்கலாம்," என்றார் விசில் சார். "என்னைவிட நல்லாப் பேசுறவங்க இருக்காங்க. நான் அன்னிக்கு..."

"நீ அழப் போறியா?"

"இல்ல."

"மூக்கு சிவக்குது."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு நான் சொல்லச் சொன்னதைத்தான் சொன்ன," என்றாள் முள்ளு. வீங்கிய உதட்டுக்குள்ளிருந்து சொற்கள் குழறி வந்தன. "மத்தவங்க எல்லாம் நான் ஒண்ணு சொன்னா வேற ஒண்ணு எழுதுறாங்க. இப்ப வேற சொல்லப் போறேன். அதையும் சொல்லு."

"சொல்லு."

"வீட்டுக்குப் போக மாட்டேன். ஆனா அம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும். கதவைச் சாத்தினது யாரு? மாமா உள்ள இருந்தான். தாழ்ப்பாள் வெளிய விழுந்துச்சு."

இதைக் கேட்கத் துறை வக்கீலுக்கு விருப்பமில்லை. அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும் என்று அவருக்குப் பயமாக இருந்தது. பெண்ணை வெளியே விடாத விடுதி ஒன்றில் வைத்துவிட்டால் விவகாரம் முடிந்தது என்பது அவர் எண்ணம். "ஸ்க்ரூ டிரைவரைத் தொடையில இறக்கின பிள்ளை மேடம். சாதாரணக் குடும்பம் எதுவும் தாங்காது," என்றார். அம்மாவின் வக்கீலோ, வீட்டில் நடந்த எல்லா அடிதடிக்கும் இந்தப் பெண்தான் காரணம் என்று ஒரே போடாகப் போட்டார்.

விசாரணை அன்று முள்ளு கோர்ட்டின் பக்கத்து அறையில் வார்டன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு கண்ணாடி. அங்கிருந்து பார்க்கலாம், கேட்கலாம். மாமன் தன் சாட்சியத்தை முடித்துவிட்டுப் பின் பெஞ்சில் ஒரு காலை நீட்டியபடி இருந்தான். கூண்டில் அம்மா. விசில் சார் எழுந்தார்.

"இது என் கேள்வி இல்லம்மா. உங்க பொண்ணு கேக்கச் சொன்ன கேள்வி. அன்னிக்கு அறைக் கதவை வெளிப்பக்கம் சாத்தித் தாழ்ப்பாள் போட்டது யாரு?"

அம்மாவின் வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி கையமர்த்தினார். அம்மா தம்பியைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தாள். சலவைச் சோடா தின்ற அவள் விரல்கள் கூண்டின் விளிம்பைப் பிடித்திருந்தன.

"தானா சாத்திக்கிச்சு."

"தாழ்ப்பாளுமா?"

அம்மா விளிம்பிலிருந்து கையை எடுத்தாள்.

"நான்தான்," என்றாள் அம்மா. "அக்கம்பக்கத்துல கேக்கும்னு. போன தடவை மாதிரி யாராச்சும் போலீஸைக் கூப்பிட்டு, அவளைத் திரும்பத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு. அவன் அடிச்சான். அவன்தான் அடிச்சான். கையை முறிச்சதும் அவன்தான். நான் சாத்தினேன்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் பின் பெஞ்ச் கவிழ்ந்தது. புண்பட்ட காலோடு அத்தனை பெரிய உடம்பு எப்படி அவ்வளவு வேகமாக வந்தது என்று யாருக்கும் புரியவில்லை. மாமன் கூண்டுக்குள் பாய்ந்து அக்காவின் தலைமுடியைப் பிடித்து இழுத்து, கூண்டின் மரவிளிம்பில் அவள் முகத்தை மோதினான். ஒருமுறை. மறுமுறை. பிறகு கழுத்தில் இரண்டு கையையும் போட்டான். "உன்னை நம்பினேனே! உன்னை நம்பினேனே!" என்று குழந்தை மாதிரி அழுதுகொண்டே நெரித்தான்.

விசில் சார் அவன் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தன் முழுக் கனத்தோடும் கீழே சரிந்தார். இருவரும் மேசையை இடித்துக்கொண்டு விழுந்தார்கள். முழங்கை ஒன்று அவர் விலாவில் இறங்கியது. உள்ளே எதுவோ சுள்ளி மாதிரி ஒடிந்தது. அடுத்த குத்து வாயில். ஒரு பல் நாக்கின் மேல் உருண்டது. அவர் கை விடவில்லை. திருப்பி அடிக்கவும் இல்லை. அடிக்கக் கை துடித்தது. பழைய பசி அப்படியே இருந்தது. விரல்களை அவன் பெல்ட்டுக்குள் கோத்து, அவற்றை அங்கேயே பூட்டி வைத்தார்.

பக்கத்து அறைக் கதவு படாரென்று திறந்தது. வார்டன் அம்மாவை உதறிவிட்டு ஓடிவந்த முள்ளு, மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கி மாமனின் நெற்றியில் இறக்கினாள். மாவுக்கட்டு விரிசல் விட்டது. வலியில் அவளே துள்ளி விழுந்தாள். மறுபடி எழுந்து மறுபடி ஓங்கினாள். அதற்குள் காவலர்கள் வந்து சேர்ந்து, நான்கைந்து பேராக அவன் மேல் ஏறி உட்கார்ந்தார்கள்.

துறை வக்கீல் கலைந்த காகிதங்களுக்கு நடுவில் நின்றபடி, "பாத்தீங்களா மேடம், இந்தப் பிள்ளை..." என்று தொடங்கினார்.

நீதிபதி அவரைப் பார்த்தார். அவர் உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதியின் கண்ணெதிரே நடந்ததற்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. மாமன் சிறைக்குப் போனான்; முள்ளு மேல் அவன் கொடுத்த புகாரும் தள்ளுபடியானது. அம்மா வாய் முழுக்கத் தையலோடும், கழுத்தில் விரல் தடத்தோடும் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பொய்ச் சாட்சி சொன்னதற்கும் கதவைச் சாத்தியதற்கும் அவள் மேல் தனி வழக்கு வந்து, கடைசியில் எச்சரிக்கையோடு விட்டார்கள். விசில் சாரின் விலாவைச் சுற்றிக் கட்டுப் போடும்போது மனைவி, "இந்தத் தடவை எந்தக் கட்சி?" என்று கேட்கவில்லை. கட்டை இறுக்கிவிட்டு நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தார். அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "அவ்வளவு மோசமாவா இருக்கேன்?" என்றார்.

முள்ளுவுக்கு ஓர் அத்தை இருந்தாள், அப்பாவின் தங்கை. பெட்ரோல் பங்கில் வேலை, தனி ஆள், அண்ணன் செத்ததிலிருந்து அண்ணியோடு பேச்சுவார்த்தை இல்லாதவள். விசில் சார் இரண்டையும் எடுத்துச் சொன்னார்: விடுதி, அத்தை. முள்ளு அத்தை வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சரி. ஆனா ரூம் கதவுல வெளிப்பக்கம் இருக்கிற தாழ்ப்பாளைக் கழட்டணும்னு ஜட்ஜம்மாகிட்ட சொல்லு," என்றாள். அவர் சொன்னார். உத்தரவில் அதுவும் ஏறியது. அத்தை அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் கடப்பாரையால் நெம்பி எடுத்துவிட்டாள்; கதவில் பெரிய ஓட்டை.

அதோடு முள்ளு முல்லைப் பூவாக மாறிவிடவில்லை. புதுப் பள்ளிக்கூடத்தில், பின்னாலிருந்து தோளைத் தொட்ட ஒருத்தியின் மூக்கை உடைத்தாள். அத்தையின் சாப்பாட்டுத் தட்டை ஜன்னல் கண்ணாடி வழியாக வீசினாள். அத்தை ஒருநாள் அழுதுகொண்டே போன் செய்தாள்: "சார், நேத்து என்னைத் தள்ளிவிட்டா. எனக்கும் கை ஓங்கிடுச்சு சார். அடிக்கல. ஆனா ஓங்கிடுச்சு."

"ஓங்கின கையை என்ன பண்ணீங்க?"

"பாத்திரம் தேய்க்கப் போயிட்டேன். எல்லாப் பாத்திரமும் தேய்ச்சேன். அழுக்கில்லாததையும்."

"நல்லது பண்ணீங்க. நான் அங்க கிளம்பி வரேன்," என்றார்.

போனார். இப்படிப் பல தடவை போனார். உடைவது மெல்லக் குறைந்தது. நிற்கவில்லை, குறைந்தது. ஒரு தடவை இவரைப் பார்த்ததும் முள்ளு, விழுந்த பல்லுக்குப் பதில் பல் கட்டிக்கொள்ளச் சொல்லி, "பேசும்போது காத்து வருது, ஜட்ஜுக்கு நான் சொல்றது புரியாமப் போயிடும்," என்றாள். கட்டிக்கொண்டார்.

மாதம் ஒருமுறை, குழந்தை விரும்பினால் அம்மா வந்து பார்க்கலாம் என்பது ஏற்பாடு. கோர்ட்டின் பின்பக்கத்துக் கட்டடத்தில் அதற்கு ஓர் அறை. அம்மா சலவைக்கூடத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். முள்ளு சில மாதம் உள்ளே போய், பேசாமல் எதிரில் உட்கார்ந்துவிட்டு வருவாள். பல மாதம், "இன்னிக்கு வேண்டாம்," என்று இவரிடம் சொல்லி அனுப்பிவிடுவாள். அப்படி அனுப்பும்போதெல்லாம் அத்தை வீட்டு வாசல்வரை வந்து, "அம்மா கழுத்து சரியாயிடுச்சா?" என்று கேட்பாள். கூடவே, "நான் கேட்டேன்னு சொல்லாத," என்பாள்.

அப்படி ஒரு நாள், இன்றைக்கு வரவில்லையாம் என்று அவர் வந்து சொன்னதும், அம்மா தலையாட்டினாள். எழுந்து போகவில்லை. மேலுதட்டில் தையல் தழும்பு வெள்ளையாக இழுத்திருந்தது.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா சார்?"

விசில் சார் இரண்டு டீ வாங்கி வந்திருந்தார். ஒன்றை அவள் பக்கம் வைத்தார்.

"சொல்லச் சொன்னா சொல்லியிருப்பேம்மா."

"கேக்கவே இல்லையா?"

"அவ என்கிட்ட பேசுறது எதையும், அவ சொல்லச் சொல்லாம நான் சொல்ல முடியாதும்மா. நல்லதோ கெட்டதோ."

அம்மா டீயைக் கையில் எடுத்துச் சூட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பொய்யாவது சொல்லலாமில்ல சார்? கேட்டாம்மான்னு."

அவருக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அது பொய்கூட இல்லை. டீயை ஒரு மிடறு குடித்து அதை உள்ளே தள்ளினார்.

"சொல்லலாம். ஆனா என்னிக்காவது அவ ஒண்ணு சொல்லி அனுப்புவா. அன்னிக்கு நான் வந்து சொல்லும்போது நீங்க நம்பணுமே."

அவள் டீயைக் குடித்து முடித்தாள். அடுத்த மாதமும் வந்தாள்.